வறண்ட ஊரில் ஊட்டச்சத்துத் தோட்டம்: தண்ணீர்க் கணக்கிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை

கிராமத்தில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்கள் முதலில் வாங்குவது விதைப் பாக்கெட்டுகளைத்தான். விழா வைத்து வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள். கார்த்திகையில் பச்சைப்பசேல் என்று இருக்கும் தோட்டம் பங்குனி வெயிலில் காய்ந்துவிடுகிறது. விதையில் குறை ஒன்றுமில்லை, வரிசைதான் தவறு. யார் சாப்பிடப் போகிறார்கள், தண்ணீர் எவ்வளவு, மண் எப்படி என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் விதை வாங்க வேண்டும்.

இந்த வழிகாட்டி ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் போன்ற வறண்ட மாவட்டங்களை மனதில் வைத்து எழுதியது. அங்கன்வாடி அல்லது சத்துணவு மையத்தை ஒட்டி, சுமார் 20 குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொதுத் தோட்டத்துக்கு இது பொருந்தும். சிறிய அறக்கட்டளை, மகளிர் சுய உதவிக் குழு, ஊர் இளைஞர்கள் என்று யார் எடுத்துச் செய்தாலும் படிகள் இவைதான்.

தொடங்கும் முன்: நாட்காட்டியும் கைப்பொருளும்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ராமநாதபுரம் பக்கம் ஆடியில் அடிப்பது காய்ந்த காற்று, அதில் இளநாற்று நிற்காது. அங்கே ஆவணிக் கடைசி, புரட்டாசியில் விதைப்பதுதான் சரி.

புரட்டாசியில் விதைக்க வேண்டுமென்றால் சித்திரையிலேயே வேலை தொடங்க வேண்டும். மட்கு உரம் தயாராகவே இரண்டு மூன்று மாதம் ஆகும். மண் பரிசோதனை முடிவு வரவும் நாள் பிடிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, தண்ணீரைக் கோடையில்தான் அளக்க வேண்டும். ஐப்பசியில் அளந்தால் கிடைக்கும் எண் மேயில் உங்களை ஏமாற்றும்.

கையில் இருக்க வேண்டியவை குறைவுதான். 10 லிட்டர் வாளி, அளவு நாடா, மண்வெட்டி, கடப்பாரை, 40 பக்க நோட்டு ஒன்று, தண்ணீரின் உப்பு அளக்கும் சிறு மீட்டர். மீட்டர் இல்லையென்றால் ஒரு பாட்டில் தண்ணீரை மண்ணோடு சேர்த்துப் பரிசோதனை நிலையத்துக்கே கொடுத்துவிடலாம்.

1. முதலில் தட்டைப் பாருங்கள்

எந்தக் காய் வேண்டும் என்று ஊரில் கேட்டால் கத்தரி, வெண்டை, தக்காளி என்று பதில் வரும். அவை சந்தையில் எப்படியும் வாங்கப்படுபவை. தட்டில் எது வருவதே இல்லை என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு வகுத்த எளிய முறை ஒன்று இருக்கிறது. உணவைப் பத்து வகையாகப் பிரிக்கிறார்கள்: தானியமும் கிழங்கும், பருப்பு பயறு, கொட்டைகளும் எண்ணெய் விதைகளும், பால், இறைச்சி மீன், முட்டை, கரும்பச்சைக் கீரை, பப்பாளி பரங்கி போன்ற மஞ்சள் ஆரஞ்சு காய்கனி, பிற காய், பிற பழம். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண் நேற்று ஒரு நாளில் இவற்றில் ஐந்து வகையாவது சாப்பிட்டாரா என்று பார்க்க வேண்டும். பல பேரிடம் கேட்டுச் சேர்த்துப் பார்க்கும்போது ஊரின் நிலை தெரியும். ஒரு தனிப்பட்ட பெண்ணின் உடல்நிலையை இதை வைத்து எடை போடக்கூடாது.

கேட்கும் விதத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். “கீரை சாப்பிடுவீங்களாக்கா?” என்று கேட்டால் எல்லோருமே ஆமாம் என்பார்கள். “நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, வரிசையா சொல்லுங்க” என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வகையில் குறியுங்கள். திருவிழா, விரத நாளுக்கு மறுநாள் கேட்காதீர்கள். தாளிப்பில் போட்ட கறிவேப்பிலை கீரைக் கணக்கில் வராது. 15 கிராமுக்குக் குறைந்த எதையும் சேர்க்கக்கூடாது என்பது விதி.

எங்கள் பகுதியில் திரும்பத் திரும்பக் காலியாக இருக்கும் கட்டங்கள் கரும்பச்சைக் கீரையும் மஞ்சள் காய்கனியும்தான். பருப்புகூட சாம்பாரில் பெயருக்குத்தான் இருக்கிறது. தோட்டத்தின் நோக்கம் இங்கேதான் முடிவாகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மகாராஷ்டிரத்தின் வார்தாவிலும் ஒடிசாவின் கோராபுட்டிலும் வேளாண்மையை ஊட்டச்சத்தோடு இணைத்துச் செய்த முயற்சியும் இந்த வரிசையில்தான் நடந்தது. முதலில் மக்களின் உணவுக் குறையைக் கணக்கெடுத்தார்கள், அதன் பிறகே பயிரை முடிவு செய்தார்கள்.

இன்னொன்றை இப்போதே ஊரில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. தோட்டத்துக் கீரை மட்டும் இதைச் சரிசெய்துவிடாது. செவிலியர் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் தொடர வேண்டும். “கீரை சாப்பிடுறோமே, மாத்திரை எதுக்கு” என்ற பேச்சு ஒரு கர்ப்பிணியிடம் வந்தால்கூட நம் தோட்டம் கெடுதல் செய்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

2. இடத்தைப் பேசி, தாளில் எழுதுங்கள்

தோட்டம் செழித்த பிறகுதான் இடத் தகராறு வரும். அதனால் காலி இடமாக இருக்கும்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஊராட்சி நிலமென்றால் கிராம சபையில் தீர்மானம் வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புரட்டாசி விதைப்புக்கு மே 1 கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்தது ஆகஸ்டில்தான், அதற்குப் பிறகு மண் வேலைக்கு நேரம் போதாது.

தீர்மானத்தோடு சேர்த்து மூன்று விஷயங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவினரிடம் கையெழுத்து வாங்குங்கள். யார் எந்த நாள் தண்ணீர் விடுவது, விளைந்ததில் யாருக்கு முதல் பங்கு, மிஞ்சியதை விற்றால் பணம் யார் கையில். முதல் பங்கு கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு என்று எழுதுவது நல்லது. எழுதாவிட்டால் காலையில் முதலில் வருகிறவர் பறித்துக்கொண்டு போவார், வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இடத்துக்கு நாளில் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். பெரிய புளியமரத்தடியும் சீமைக்கருவேலம் ஒட்டிய இடமும் வேண்டாம். நிழலோடு வேரும் போட்டிக்கு வரும். தண்ணீர் வழியும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதைவிடச் சிறப்பு வேறில்லை. அது அடுத்த படி.

3. தண்ணீரை அளந்து, அதற்கேற்ற தோட்டம் போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தோட்டத்தின் அளவை முடிவு செய்வது நிலம் அல்ல, சித்திரை மாதத்துத் தண்ணீர்.

ஊரில் வீணாகும் தண்ணீரை முதலில் தேடுங்கள். அடிகுழாய், பொதுக்குழாயடியில் குடம் நிரம்பி வழிவது, பள்ளியில் பிள்ளைகள் கை கழுவுவது, சத்துணவு மையத்தில் அரிசி, காய் கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது. காலை ஆறு மணிக்குக் குழாயடியில் போய் நில்லுங்கள். குடத்தை நேராக வைக்க ஒரு கல் இல்லாததால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் சரிந்து கொட்டும். திட்டின் ஓரத்தில் பாசி படிந்த ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு போகிற பக்கம்தான் உங்கள் வாய்க்கால்.

அளப்பது எப்படி? வழியும் இடத்தில் பள்ளம் பறித்து வாளியை இறக்குங்கள். ஒரு வாரம், தண்ணீர் வரும் நேரம் முழுவதும், எத்தனை வாளி நிரம்புகிறது என்று குறித்து, அதில் குறைந்த நாளின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம். செடி காய்வது தண்ணீர் குறைந்த நாளில்தான்.

அப்புறம் கணக்கு எளிது. கோடையில் காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு சுமார் 5 லிட்டர் தேவை. நாளுக்கு 200 லிட்டர் நிச்சயம் கிடைத்தால் 40 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்ட் பாத்தி. அதற்கு மேல் போடாதீர்கள்.

ஒரு சென்ட் குறைவாகத் தோன்றலாம். நல்ல மண்ணில் முளைக்கீரை 25 நாளில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வரை தரும். 20 குடும்பத்துக்கு வாரம் இரண்டு முறை கால் கிலோ என்றால் வாரத்துக்கு 10 கிலோ, நாலு வாரச் சுழற்சிக்கு 40 சதுர மீட்டர். முழு சென்ட்டும் கீரை போடப்போவதில்லை, எல்லாப் பருவமும் முழு விளைச்சலும் வராது. அதனால் இரண்டு சென்ட்டுக்குத் தண்ணீர் இருந்தால் இந்தக் குழுவுக்கு வசதி. இல்லையென்றால் ஒரு சென்ட் பொதுத் தோட்டம், வீட்டு முற்றத்தில் ஆளுக்கு ஒரு முருங்கை, ஒரு பப்பாளி என்று பிரித்துவிடுங்கள்.

*தண்ணீரின் தரம்.* உப்பு மீட்டரில் (dS/m அளவில்) 0.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் அதை நம்பித் தோட்டம் போடக்கூடாது. இடைப்பட்ட நீரில் பீன்ஸ், வெங்காயம், கேரட் தாங்காது, அவற்றை விட்டுவிடுங்கள். தண்ணீரையும் தினம் தெளிப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக விடுங்கள். மேலாகத் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் வேர் மட்டத்தில் தங்கும்.

*கழிவுநீர்.* எல்லாக் கழிவுநீரும் ஒன்றல்ல. அரிசி, காய் கழுவிய நீரை நேரடியாகவே விடலாம். பாத்திரம் கழுவிய நீரில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் இருக்கும், வடிகட்ட வேண்டும். துணி துவைத்த நீர் வேண்டவே வேண்டாம். சோப்புத்தூளில் உள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுக்கித் தண்ணீர் இறங்காதபடி செய்துவிடும்.

வடிகட்டி பெரிய கட்டுமானம் இல்லை. வாய்க்கால் முகப்பில் பருக்கையைப் பிடிக்க ஒரு சல்லடை. அடுத்து ஒரு சிறு தொட்டி, எண்ணெய் மேலே மிதக்க, தெளிந்த நீர் நடுவிலிருந்து வெளியேறும்படி குழாய். மூன்றாவதாக ஜல்லியும் மணலும் நிரப்பிய பள்ளம், அதில் கல்வாழை. சல்லடையைத் தினமும் தட்ட வேண்டும், தொட்டியை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். அள்ளுவது யார் என்று பெயர் எழுதாத வடிகட்டி சீக்கிரமே அடைத்து நாற்றம் எடுத்து, தோட்டத்தின் மேலேயே ஊருக்கு வெறுப்பு வந்துவிடும்.

இந்த நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள், கொசு வரும். வாழை, பப்பாளி, முருங்கை வேரடிக்கு மட்டும் வாய்க்காலில் விடுங்கள். கீரைப் பாத்திக்கும் தரையில் படரும் காய்க்கும் நல்ல தண்ணீர்தான்.

*கூரை மழை.* ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கட்டடத்தில் 20 மி.மீ. பெய்தால், சேதாரம் போக 800 லிட்டர் எதிர்பார்க்கலாம். முதல் மழையில் கூரைத் தூசு கழுவி வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டி வாங்கப் பணமில்லையென்றால் கூரைத் தண்ணீரைத் தோட்டத்து மேட்டுப்பக்கம் ஒரு நீள அகழியில் இறக்குங்கள். மண்ணில் இறங்கிய ஈரம் தை வரை மரங்களுக்கு உதவும்.

4. மண்ணைத் தெரிந்துகொண்டு திருத்துங்கள்

மண் மாதிரியை ஐந்தாறு இடங்களில் எடுங்கள். மேல் குப்பையை ஒதுக்கி, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, அந்தச் சரிவிலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே கனமாகச் சீவுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை எறிந்து, அரை கிலோ வரும்வரை இப்படியே குறையுங்கள். எருக்குழி, வரப்பு, மரத்தடி மண் வேண்டாம். அங்கே சத்து கூடுதலாகக் காட்டி முடிவைத் திரித்துவிடும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம்.

முடிவு வரும் முன்னரே ஒன்றைச் செய்து பாருங்கள். ஓர் அடி நீள அகல ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி, அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். சில நிமிடத்தில் காணாமல் போனால் மணற்பாங்கு, ஈரம் பிடிக்கும் பொருள் சேர்க்க வேண்டும். மறுநாளும் நின்றால் மழைக்காலத்தில் வேர் அழுகும், வடிகால் தேவை.

பரிசோதனையில் கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் எல்லாக் காய்கறிக்கும் ஏற்றது. 8.5-ஐத் தாண்டினால் நீங்களாக எதையும் கொட்டாதீர்கள். ஜிப்சம் எவ்வளவு என்று நிலையத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஜிப்சம் போட்டபின் நல்ல தண்ணீரால் மண்ணைக் கழுவி இறக்கவும் வேண்டும், இல்லையென்றால் போட்டதில் பலனில்லை.

*வண்டல்.* செம்மண், மணல் நிலத்துக்குக் கண்மாய் வண்டலைப் போல ஈரம் பிடிக்கும் பொருள் வேறில்லை. களிமண்ணான கரிசலில் அதைக் கொட்டினால் இன்னும் இறுகும், அங்கே வேண்டாம். அனுமதி வாங்காமல் ஒரு டிராக்டர் லோடுகூட எடுக்காதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் விவசாயப் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றி அனுமதி தருகிறார்கள். சாக்கடை கலக்கும் கண்மாய், தொழிற்சாலைக் கழிவு இறங்கும் கண்மாய் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இன்னொரு கவனம்: வண்டலோடு சீமைக்கருவேல விதை கட்டாயம் வரும். பரப்பிய பிறகு ஒரு முறை நனைத்து, முளைத்ததைக் கையால் பிடுங்கிவிட்டுத்தான் பாத்தி போட வேண்டும். வேர் இறங்கிவிட்டால் கடப்பாரை இல்லாமல் வராது.

*மட்கு உரம்.* வைகாசியிலேயே குவியல் போடுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், கடலைக்கொடி மூன்று பங்கு, பச்சைத் தழை, காய்க்கழிவு, சாணம் ஒரு பங்கு. குவியல் எப்பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. சின்னக் குவியலில் சூடு தங்காது, களை விதை சாகாது. பிழிந்தால் நாலைந்து துளி சொட்டும் ஈரம் போதும். பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேருங்கள். சூடே வரவில்லையென்றால் சாணக் கரைசல் தெளியுங்கள். கறுத்து, மண்வாசம் வந்து, எந்த இலை என்று தெரியாமல் உதிர்ந்தால் தயார்.

சதுர மீட்டருக்கு 2.5 கிலோ போதும், ஒரு சென்ட்டுக்கு 100 கிலோ. ஒரு குவியலிலேயே கிடைத்துவிடும். மண்புழு உரத்தை முதல் ஆண்டில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. நிழல், ஈரம், எறும்பு என்று தினமும் கவனிப்பு கேட்கும். குழு இன்னும் தண்ணீர் முறையே பழகியிருக்காது.

5. பாத்தி: வறண்ட நிலத்தில் பள்ளம், களிமண்ணில் மேடு

பல பயிற்சிகளில் எல்லா ஊருக்கும் மேட்டுப்பாத்தி சொல்லிக் கொடுக்கிறார்கள். மேடு என்பது தண்ணீரை வடிக்கும் வழி. தண்ணீர் இல்லாத ஊரில் அது செடியைக் காயப்போடும். செம்மண், மணல் பகுதியில் தரையைவிட ஐந்தாறு அங்குலம் தாழ்ந்த பள்ளப்பாத்தி போடுங்கள். விடும் தண்ணீரும் பெய்யும் மழையும் வேருக்கே போகும். குழியில் தண்ணீர் மறுநாளும் நின்ற மண்ணென்றால் மேட்டுப்பாத்தி.

அகலம் நாலு அடிக்கு மேல் வேண்டாம். இருபுறமும் நின்று கையெட்ட வேண்டும். பாத்திக்குள் காலை வைத்தால் மட்கு போட்டுப் பொலபொலப்பாக்கிய மண் மறுபடி இறுகும். நீளம் உங்கள் விருப்பம்.

மூடாக்கை நாற்று நட்ட அன்றே போடுங்கள். வைக்கோல், காய்ந்த இலை, கரும்புச் சோகை எதுவானாலும் மூன்று அங்குலம். தண்டை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், ஒட்டினால் தண்டு அழுகும். கீரை விதைத்த பாத்திக்கு மட்டும் முளைத்து இரண்டு அங்குலம் வந்த பிறகுதான் மூடாக்கு.

பப்பாளி, சுரை, பீர்க்கு குழிகளில் பூச்சில்லாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிடலாம். பானைச் சுவர் வழியே ஈரம் கசிந்து வேருக்குப் போகும். வர்ணம் பூசிய பானை கசியாது. திறந்து வைத்தால் கொசு முட்டையிடும்.

6. வேலி முடியாமல் விதை வேண்டாம்

ஓர் ஆடு ஒரு சாயங்காலத்தில் மூன்று மாத வேலையைத் தின்றுவிடும். கம்பி வேலிக்குப் பணம் இருந்தால் சரி. இல்லையென்றால் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி, இடையில் ஆடாதோடையும் நொச்சியும் நடுங்கள். இரண்டையும் ஆடு மேயாது. உயிர்வேலி அடைய ஓர் ஆண்டாவது ஆகும், அதுவரை முள் கட்டியே தீர வேண்டும். கோழி நுழையாதபடி வேலியின் அடியில் ஓர் அடி உயரத்துக்கு நெருக்கமான வலை அடியுங்கள்.

7. நடவு: மரம் முதலில், கொடி பிறகு, கீரை கடைசியில்

மர வகைகளைத் தோட்டத்தின் வடக்கு, மேற்கு ஓரத்தில் நடுங்கள். மேற்கு மரம் பின்மதிய வெயிலை மறைக்கும். வடக்கு மரத்தின் நிழல் பெரும்பாலும் தோட்டத்துக்குள் விழாது.

முருங்கையை இலைக்காக வளர்க்கிறோம் என்பதை மறக்காதீர்கள். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற செடிமுருங்கை நல்ல தேர்வு. இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். கிள்ளாமல் விட்டால் உயரே போய்விடும், அப்புறம் கழி கொண்டு கிளையை முறிக்க ஆள் தேட வேண்டியிருக்கும். கையெட்டும் உயரத்தில் இருந்தால்தான் பெண்கள் அன்றாடம் பறிப்பார்கள்.

பப்பாளி குழிக்கு ஒன்று வைத்துவிட்டு, பூத்த பிறகு ஆண் செடி என்று வருந்துகிறவர்கள் அதிகம். ஆண், பெண் செடி தனித்தனியாக வரும் வகையென்றால் குழிக்கு மூன்று நாற்று வையுங்கள். பூவைப் பார்த்துக் காய்க்கும் ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். தோட்டம் முழுவதற்கும் ஓர் ஆண் செடி போதும். தண்டடியில் தண்ணீர் தேங்கினால் பப்பாளி அழுகிவிடும், மண் அணைத்து வைக்க வேண்டும். கறிவேப்பிலை, அகத்தி, எலுமிச்சை ஒவ்வொன்றும் இந்த வரிசையிலேயே.

வேலியோரமாகக் கொடிகள்: அவரை, பீர்க்கு, புடலை, கொடிப்பசலை, பரங்கி. நடுப் பாத்திகளில் தட்டைப்பயறு, கொத்தவரை, வெண்டை, கத்தரி, மணத்தக்காளி. பயறு வகை இருந்த பாத்தியில் அடுத்த முறை கத்தரியோ கீரையோ போட்டால் மண்ணில் சேர்ந்த தழைச்சத்து பயன்படும்.

கீரையில் எல்லோரும் செய்யும் தவறு முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைப்பது. 25-ஆம் நாள் ஊருக்கே மிஞ்சும், 35-ஆம் நாள் ஒன்றும் இருக்காது. பாத்தியை நாலாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதி விதையுங்கள். விதை மிகச் சன்னம், மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே சீராக விழும். முளைக்கீரையை வேரோடு பிடுங்கலாம், அரைக்கீரையைக் கிள்ளியெடுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். தண்ணீர் குறையும் மாதங்களில் முளைக்கீரையை நிறுத்தி அரைக்கீரையும் முருங்கையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. பூச்சிக்கு

தினம் பறித்துத் தின்னும் தோட்டத்தில் ரசாயன மருந்துக்கு இடமில்லை. மருந்தடித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்களை இங்கே யாரும் காத்திருக்க முடியாது. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேருங்கள். சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். அசுவினி மொய்த்த நுனியைக் கிள்ளி எறிவது எல்லாவற்றையும் விட எளிது.

9. தோட்டத்திலிருந்து தட்டுக்கு

விளைந்தால் சாப்பிட்டுவிடுவார்கள் என்று நினைத்துத் திட்டத்தை இங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். “கீரை நெறையாக் கெடக்கு சார், புள்ளைகதான் திங்க மாட்டேங்குது” என்று ஒரு தாய் சொன்னால் தோட்ட வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது என்று பொருள்.

மாதம் இரண்டு முறை அங்கன்வாடியிலேயே சமைத்துக் காட்டுங்கள். ஊழியர் பேச வேண்டாம். ஊரில் கைமணம் உள்ள ஒரு பாட்டியைச் செய்யச் சொல்லுங்கள், மற்றவர்கள் கேட்பார்கள். முருங்கைக்கீரை அடை, மணத்தக்காளி மசியல், பரங்கி பருப்புக் கூட்டு என்று வீட்டில் இருக்கும் பொருளில் முடிகிற பண்டமாக இருக்கட்டும். வாங்க வேண்டிய பொருள் இரண்டுக்கு மேல் இருந்தால் அது வீட்டில் மறுபடி நடக்காது.

சமைக்கும்போதே சொல்ல வேண்டியவை ஐந்து உண்டு. கீரையைக் கழுவிவிட்டு நறுக்க வேண்டும், நறுக்கிக் கழுவினால் சத்து நீரோடு போகும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டக்கூடாது. இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது கூடும். சாப்பிட்டவுடன் டீ, காப்பி குடித்தால் அது குறையும், ஒரு மணி நேரமாவது கழியட்டும். பரங்கி, பப்பாளி, கீரையில் உள்ள வைட்டமின் ஏ சேர, அதே சாப்பாட்டில் கொஞ்சம் எண்ணெய் இருக்க வேண்டும்.

ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குத் தாய்ப்பாலோடு பருப்பு, பரங்கி, கீரை மசித்த சோறு தொடங்கலாம். தண்ணீராகக் கரைத்து ஊட்டாமல், கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். சின்ன வயிற்றில் தண்ணீர் நிரம்பினால் சத்துக்கு இடமிருக்காது.

10. எதைக் கணக்கெடுப்பது

நிதி கொடுப்பவர்கள் எத்தனை கிலோ விளைந்தது என்று கேட்பார்கள். அதையும் எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நோட்டில் ஒவ்வொரு பறிப்புக்கும் ஒரு வரி: தேதி, என்ன, எவ்வளவு, எந்த வீட்டுக்கு. மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் யார் வீடு வரவே இல்லை என்று தெரியும். அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். பெரும்பாலும் செங்கல் சூளைக்கோ கரிமூட்டத்துக்கோ விடியுமுன் வேலைக்குப் போகும் குடும்பமாக இருக்கும். அவர்கள் பங்கை அங்கன்வாடியில் கட்டி வைக்க ஏற்பாடு செய்தால் தீரும்.

முதல் படியில் கேட்ட பத்து வகைக் கேள்வியை ஓர் ஆண்டு கழித்து அதே மாதத்தில் மறுபடி கேளுங்கள். சித்திரையில் எடுத்ததைத் தையோடு ஒப்பிட்டால் தோட்டம் இல்லாத ஊரிலும் முன்னேற்றம் தெரியும். அறுவடைக் காலத்தில் எல்லார் வீட்டிலும் சாப்பாடு கொஞ்சம் கூடும்.

11. நிறுவனம் விலகும் வரிசை

விலகுவதையும் முதல் ஆண்டிலேயே திட்டமிடுங்கள். முதலில் கூலி கொடுப்பதை நிறுத்துங்கள். கூலிக்கு நடக்கும் தோட்டம் கூலி நின்ற மாதம் நிற்கும், அதனால் களைக்கும் தண்ணீருக்கும் கூலியே தொடங்காமல் இருப்பது இன்னும் நல்லது. இரண்டாம் ஆண்டில் விதை வாங்கித் தருவதை நிறுத்துங்கள். வேலி பழுது, சல்லடை, வாளிக்குக் குழு தன் சேமிப்பிலிருந்தோ மிஞ்சிய காய் விற்ற பணத்திலிருந்தோ எடுக்கட்டும். மண் பரிசோதனையும் ஆண்டுக்கொருமுறை உணவுக் கணக்கெடுப்பும் மட்டும் மூன்றாம் ஆண்டு வரை உங்கள் பொறுப்பில் இருக்கலாம்.

விதை நிறுத்துவதற்கு முந்தைய பருவத்திலேயே விதை எடுக்கப் பழக்க வேண்டும். வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்தால் அடுத்த முறை தாய்ச்செடி போல வராது, ஆகவே தொடக்கம் முதலே நாட்டு ரகம். எல்லாவற்றையும் பறித்துவிட்டு மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விடுகிறார்கள். இதைத் தடுக்க, நன்றாகக் காய்க்கும் இரண்டு செடியில் சிவப்புத் துணி கட்டி, அதில் யாரும் பறிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீர்க்கு, சுரை கொடியிலேயே காய்ந்து குலுக்கினால் சத்தம் கேட்க வேண்டும். கத்தரி மஞ்சளாகிப் பழுக்க வேண்டும். எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி, ரகத்தின் பெயரும் மாதமும் எழுதிய சீட்டோடு மூடியுள்ள பாட்டிலில் போட்டு, ஒரே வீட்டில் வைக்காமல் மூன்று வீட்டில் பிரித்து வையுங்கள். ஒரு வீட்டில் வண்டு விழுந்தாலும் மற்ற இரண்டில் விதை இருக்கும்.